தபாலில் போன சுருட்டு, தபாலில் வந்த விதை

கேள்வி: "இரண்டரை ஏக்கரில் செடிமுருங்கை போட்டிருக்கோம். காய் விலை அடிமட்டத்துக்குப் போயிட்டா பறிகூலிக்குக்கூடக் கட்டாது, மரத்துலயே விட்டுடறோம். மகளும் மருமகளும் முருங்கைக்கீரையைப் பொடி பண்ணி, விதையையும் சேர்த்து, போன்ல ஆர்டர் வாங்கிப் பார்சல்ல அனுப்பலாம்னு சொல்றாங்க. நகையை அடகு வெச்சு உலர்த்துற மெஷின் வாங்கணுமாம். 'இதெல்லாம் நாலு மாசக் கூத்து'ங்கிறான் மகன். இதுக்கு முன்னாடி எந்தக் குடும்பமாவது தபாலை நம்பியே தொழில் பண்ணிப் பிழைச்சிருக்கா? நகையை வெக்கலாமா, வேண்டாமா?"
- ஒரு வாசகர், வேடசந்தூர் வட்டம்.

பிழைத்த குடும்பங்களும் உண்டு, கெட்ட குடும்பங்களும் உண்டு. மகன் சொல்வதுபோல இது போன் வந்த பிறகு முளைத்த கூத்து கிடையாது. திண்டுக்கல்லுக்கு ரயில் வந்த காலத்திலேயே தொடங்கிய தொழில். அந்தக் கதை தெரிந்தால் நகைக்கான பதிலும் அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் பாதை போட்டது 1875ல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1877ல், இந்தியத் தபால் இலாகா ஒரு புது வசதியைக் கொண்டுவந்தது. அதுதான் வி.பி.பி. 1879ல் கால் அணாவுக்கு அஞ்சலட்டை வந்தது. 1880ல் மணியார்டர் வந்தது. ஐந்தே வருஷத்தில் இந்த நான்கும் சேர்ந்துவிட்டன. பொருள் போக ரயில், 'எனக்கு வேண்டும்' என்று எழுத அட்டை, பணம் போய்ச்சேர மணியார்டர், இரண்டையும் முடிச்சுப்போட வி.பி.பி. இன்றைக்கு ஒரு பட்டனைத் தட்டினால் நடப்பதெல்லாம் அன்றைக்கு இந்த நான்கும் சேர்ந்து செய்த வேலைதான். வேகம் மட்டும்தான் கூடியிருக்கிறது.

வி.பி.பி. என்ற பெயரைக் கேட்ட பெரியவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். தபால்காரர் வாசலில் நின்று 'வி.பி.பி. வந்திருக்கு, பணத்தோட வாங்க' என்று கூப்பிடுவார். கடைக்காரர் பார்சலைத் தபால் ஆபீஸில் ஒப்படைக்கும்போதே, வாங்குபவரிடம் எவ்வளவு வசூலிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் அந்தத் தொகையைத் தபால்காரரிடம் கட்டினால்தான் பார்சல் கைக்கு வரும். கட்டிய பணம் மணியார்டராகக் கடைக்காரருக்குப் போய்ச்சேரும். வாங்க மறுத்தால் பார்சல் வந்த வழியே திரும்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது நம்பிக்கை. பம்பாய்க் கடைக்காரருக்கு நத்தத்துக் குடியானவரைத் தெரியாது. குடியானவருக்கும் பம்பாய்க் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரியாது. ஒருவரை ஒருவர் நம்பவே வேண்டாம், இரண்டு பேரும் தபால்காரரை நம்பினால் போதும் என்று ஆக்கியதுதான் வி.பி.பி.யின் சாமர்த்தியம். ஆனாலும் ஓட்டை இருந்தது. பணத்தைக் கட்டிய பிறகுதான் பார்சலைப் பிரிக்க முடியும். கடிகாரம் கேட்டவருக்குப் பொம்மைக் கடிகாரம் வந்த கதையும், ரேடியோ கேட்டவருக்குச் செங்கல் வந்த கதையும் ஊருக்கு ஊர் உண்டு. மறுபக்கம், ஆசையில் அட்டை எழுதிப் போட்டுவிட்டு, பார்சல் வரும் நேரத்தில் கையில் காசு இல்லாமல் 'வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க' என்று சொன்னவர்களால் நஷ்டப்பட்ட கடைக்காரர்களும் இருந்தார்கள். இந்த இரண்டாவது வியாதி இன்றும் அப்படியே இருக்கிறது. அதன் கணக்கு பின்னால் வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலை வளர்த்தது பத்திரிகை விளம்பரம். பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கங்களைப் புரட்டினால் மருந்து, தைலம், கைக்கடிகாரம், புத்தகம் எல்லாவற்றுக்கும் கீழே 'வி.பி.பி. மூலம் அனுப்பப்படும்' என்ற வரி நிற்கும். பின்னாளில் சினிமாவில் பெரிய பெயர் எடுத்த எஸ்.எஸ்.வாசனுக்கும் இதுதான் ஆரம்பப் பள்ளிக்கூடம். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, தாயாருடன் சென்னைக்குப் போனவர். விளம்பரம் பிடித்துக் கொடுப்பதும், ஆர்டர் வாங்கித் தபாலில் பொருள் அனுப்புவதும்தான் அவருக்கு முதலில் சோறு போட்டன. ஒரு பத்திரிகையை அவர் விலைக்கு வாங்கியது 1928ல், அதற்குப் பிறகுதான். எந்த ஊரில் யார் எதைக் கேட்டு எழுதுகிறார்கள் என்பது அவருக்கு முன்னாலேயே பழகியிருந்தது.

வாசகர் கேட்டது குடும்பத்தைப் பற்றி. அதற்குச் சரியான உதாரணம் கடல் கடந்து இருக்கிறது. அதுவும் விதைக் குடும்பம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் அட்லீ பர்ப்பி என்று ஒரு பையன். டாக்டர்கள் குடும்பம், மகனும் டாக்டராக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பையனுக்கோ கோழி மேல்தான் பைத்தியம். கோழி இனங்களைப் பற்றி ஊர் ஊராகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். 1876ல், 18 வயதில், அம்மாவிடம் 1,000 டாலர் கடன் வாங்கித் தபாலில் கோழி விற்கும் தொழிலை ஆரம்பித்தான். கோழி வாங்கியவர்கள் கோழிக்குத் தீவனமாகப் போட மக்காச்சோள விதை கேட்டார்கள். அதையும் கொடுத்தான். அப்புறம், 'முட்டைக்கோஸ் விதை இருக்கா, கேரட் விதை இருக்கா, வெள்ளரி விதை இருக்கா' என்று கடிதம் வர ஆரம்பித்தது. இரண்டே வருஷத்தில் கூட்டாளியை விட்டுப் பிரிந்து, சொந்தப் பெயரில் விதைக் கம்பெனி தொடங்கிவிட்டான். கோழியும் பல காலம் பட்டியலில் இருந்தது, ஆனால் முதலாளி ஆக்கியது விதைதான்.

தான் நினைத்த பொருளையே பிடித்துக்கொண்டு தொங்காமல், வந்த கடிதங்களைப் படித்துத் தொழிலை மாற்றிக்கொண்டதுதான் பையனின் கெட்டிக்காரத்தனம். முருங்கைப் பொடி விற்கப் போகும் குடும்பத்திடம் நாலாவது வாடிக்கையாளர் 'உங்ககிட்ட சாம்பார்ப் பொடி கிடைக்குமா?' என்று கேட்டால், அந்தக் கேள்வியை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். பர்ப்பிக்கு அப்படிக் கேட்கப்பட்ட கேள்விதான் சொத்தானது.

அடுத்து அவர் செய்த காரியம் இன்னும் முக்கியம். தபாலில் விதை வாங்குபவர் விதையைத் தொட்டுப் பார்க்க முடியாது. தொட்டுப் பார்த்தாலும் முளைக்குமா என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து ஏமாந்தது தெரியும்போது பட்டம் தப்பியிருக்கும். இந்தப் பயத்தைப் போக்காமல் தபால் விதை வியாபாரம் நிற்காது. 1888ல் பென்சில்வேனியா மாநிலத்தில் டாயில்ஸ்டவுன் ஊருக்குப் பக்கத்தில் ஃபோர்டுஹூக் என்ற பண்ணையைச் சோதனைப் பண்ணையாக்கினார். குடும்பமும் அங்கேதான் குடியிருந்தது. விற்கப் போகும் ரகங்களை முதலில் அங்கே விதைத்துப் பார்ப்பார்கள். வீட்டு வாசலில் விளைந்ததைப் பார்த்துவிட்டு விற்றார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு வருஷம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பண்ணை பண்ணையாக அலைந்து புது ரகம் தேடினார்.

அப்படிக் கிடைத்ததில் ஒன்று, 1902ல் வெளியிட்ட 'கோல்டன் பேண்டம்' என்ற மஞ்சள் மக்காச்சோளம். அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு மஞ்சள் சோளம் என்றால் மாட்டுத் தீவனம். மனுஷர் தின்பது வெள்ளைச் சோளம். இந்தப் புது ரகம் ஒரு விவசாயியின் தோட்டத்திலிருந்து பர்ப்பிக்குக் கிடைத்தது. ருசி தெரிந்த விவசாயிகள், வெள்ளைக் கதிர்களுக்கு நடுவே மஞ்சள் கதிர் சிலவற்றைச் சொருகி விற்றார்களாம். தின்று பார்த்தவர்கள் அதையே தேடி வந்தார்கள். சில வருஷத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. கொசுறாகக் கொடுத்துப் பழக்குவது திண்டுக்கல் சந்தைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தை கிடையாது.

1915ல் அட்லீ பர்ப்பி இறந்தபோது 300 பேர் வேலை பார்த்தார்கள். வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் விலைப்பட்டியல் புத்தகங்கள் தபாலில் போயின. ஒரு நாளைக்கு 10,000 ஆர்டர் வந்தது. அம்மா கொடுத்த 1,000 டாலர் 39 வருஷத்தில் அப்படி வளர்ந்திருந்தது. இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 1896ல் அமெரிக்கத் தபால் இலாகா கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தது. அதுவரை குடியானவர்கள் டவுனுக்குப் போய்த்தான் வாங்கிவர வேண்டும். 1913 ஜனவரி முதல் பார்சலும் வீட்டு வாசலுக்கே வந்தது. சாலையும் தபாலும் இல்லாத இடத்தில் எந்தச் சாமர்த்தியமும் இவ்வளவு தூரம் எடுபட்டிருக்காது.

அப்பா போன பிறகு 22 வயது மகன் டேவிட் பொறுப்பெடுத்தார். இவர் கதையை நிலக்கோட்டை, ஆத்தூர் பக்கத்துச் செண்டுமல்லி விவசாயிகள் ரசிப்பார்கள். டேவிட்டுக்குச் செண்டுமல்லி மேல் மோகம். அதில் மஞ்சளும் ஆரஞ்சும் உண்டு, சுத்த வெள்ளை கிடையாது. 1954ல் ஓர் அறிவிப்பு விட்டார்: சுத்த வெள்ளைச் செண்டுமல்லிப் பூவின் விதையை யார் அனுப்புகிறார்களோ அவர்களுக்கு 10,000 டாலர். வருஷா வருஷம் வீட்டுத் தோட்டக்காரர்கள் விதை அனுப்பினார்கள், கம்பெனி விதைத்துப் பார்த்தது, வெள்ளை போதவில்லை என்றது. 21 வருஷம் ஓடியது. 1975ல் அயோவா மாநிலத்தில் சல்லி என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஆலிஸ் வாங்க் என்ற பெண்மணிக்குப் பரிசு கிடைத்தது. தன் தோட்டத்தில் வருஷக்கணக்காக வெளுத்த பூவாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து வந்தவர் அவர். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் இல்லை. 10,000 டாலர் பெரிய பணம்தான். ஆனால் 21 வருஷமும் செண்டுமல்லி வளர்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் கம்பெனியின் பெயர் பேசப்பட்டது, கடிதத்தோடு விலாசமும் வந்துகொண்டே இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தால் அது மலிவு.

குடும்பத் தொழிலாகவே 94 வருஷம் நடந்த கம்பெனியை 1970ல் ஜெனரல் ஃபுட்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார்கள். பெயர் இன்றும் விதைப் பாக்கெட்டுகளில் இருக்கிறது, குடும்பத்தின் கையில் இல்லை.

இந்தியாவிலும் இதே வயதில் ஒரு குடும்பம் உண்டு. புனேயில் பெஸ்தோன்ஜி போச்சா என்ற பார்சிக்காரர் 1884ல் விதைக் கடை ஆரம்பித்தார். காய்கறி விதையும் பூ விதையும்தான் சரக்கு. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பப் பெயரிலேயே நடந்துவந்தது. பர்ப்பி போலப் பிரம்மாண்டமாக வளரவில்லை. ஆனால் 'தலைமுறைக்கு நிற்குமா' என்ற கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

திண்டுக்கல் கதை இப்படிச் சந்தோஷமாக முடியவில்லை. பார்க்கப்போனால், கேள்வி கேட்ட குடும்பம் பர்ப்பியைவிட இதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியின் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்த புகையிலைக்கு ஒரு காலத்தில் சீமையில் கிராக்கி. மதராஸ் ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்தது. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் பியூலி என்ற புகையிலைக் கடை, 'ஃப்ளோர் டி திண்டுக்கல்' என்று பெயர் வைத்தே ஒரு சுருட்டை விற்றது. ஸ்பானிஷ் மொழியில் 'திண்டுக்கல்லின் மலர்' என்று அர்த்தம். அந்த நாட்டுப் பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. கடைக்கு வர முடியாதவர்கள் தபாலில் வரவழைத்துக்கொள்ளலாம். கேட்டால் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால், அந்தப் பெட்டியில் ஊர்ப் பெயர் இருந்ததே தவிர, இலையை விளைவித்துப் பாடம் பண்ணிக் கொடுத்த குடியானவரின் பெயர் இல்லை. யார் வாங்கினார்கள், எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை கேட்கிறார்கள் என்ற விவரமெல்லாம் கடைக்காரரின் பேரேட்டில் இருந்தது. இலைக்கு விலை சொன்னவர்களும் வாங்குகிறவர்கள்தான். சீமைக்காரர்களின் சுவை மாறிச் சுருட்டு மவுசு குறைந்தபோது, குடியானவர் யாரிடம் போய் வேறு பொருளை விற்பது? வாங்கியவரின் விலாசம் ஒன்றுகூட அவரிடம் இல்லையே. வேடசந்தூரில் 1948ல் வந்த புகையிலை ஆராய்ச்சி நிலையம் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் பல காட்டில் இப்போது முருங்கை நிற்கிறது.

செல்போன் செயலியில் விற்றுக்கொடுக்கும் பெரிய கம்பெனிகளும் அந்த லண்டன் கடை மாதிரிதான். வாங்கியவரின் போன் நம்பரைப் பொதுவாக விற்பவரிடம் கொடுக்க மாட்டார்கள். அடுத்த தடவை அவர் பொடி தேடும்போது பத்துப் பேருடைய பொடியைக் காட்டுவார்கள், அதில் 20 ரூபாய் குறைந்தது எதுவோ அது போகும். அவர்கள் மூலமாக விற்கவே கூடாது என்று இல்லை. அதை மட்டும் நம்பி நகையை வைக்கக் கூடாது.

இப்போது பணக் கணக்குக்கு வரலாம். இவை கணக்குக்காக எடுத்த எண்கள், வீட்டுக்கு வீடு மாறும்.

கால் கிலோ பொடி 200 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இலை, கூலி, அரவை சேர்த்து அடக்கம் 90 ரூபாய். பை, அட்டைப்பெட்டி, டேப் 12 ரூபாய். பார்சல் கட்டணம் 60 ரூபாய். மிச்சம் 38 ரூபாய். 100 பார்சலுக்கு 3,800 ரூபாய். இது எல்லோரும் முன்பணம் கட்டினால் வரும் லாபம்.

அதே 100 பார்சலை 'கையில் கிடைத்த பிறகு பணம்' என்ற முறையில் அனுப்பி, 15 பேர் வாங்க மறுத்துவிட்டால் என்ன ஆகும்? வாங்கிய 85 பேரிடம் லாபம் 3,230 ரூபாய். திரும்பிய 15க்கும் போன கட்டணம் 60, கூரியர்காரர் திருப்பிக் கொண்டுவரக் கேட்கும் கட்டணம் இன்னொரு 60, பெட்டி 12, ஆகப் பார்சலுக்கு 132. மொத்தம் 1,980 ரூபாய் போச்சு. மிச்சம் 1,250. திரும்பி வந்த பொடி வழியில் பை கிழிந்து ஈரம் இழுத்துக் கெட்டிருந்தால், 15க்கும் 90 வீதம் 1,350 ரூபாய். இப்போது 100 ரூபாய் நஷ்டம். நூறு பார்சல் கட்டிய களைப்பு மட்டும் மீதம். வி.பி.பி. காலத்துக் கடைக்காரர்களைக் கவிழ்த்ததும் இதேதான்.

அதனால் தெரியாதவர்களுக்குப் பணம் முன்னால் வந்த பிறகுதான் பார்சல் என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுக்கொள்வது நல்லது. 2016க்குப் பிறகு யு.பி.ஐ. வந்துவிட்டதால் பணம் அனுப்புவது அவர்களுக்கும் கஷ்டமில்லை. ஆனால் இப்போது நம்ப வேண்டியது வாங்குகிறவர். அவர் ஏன் நம்ப வேண்டும்? பெட்டியில் ஊர்ப் பெயரோடு முழு விலாசமும், எடுத்துப் பேசும் ஒரு போன் நம்பரும் இருக்க வேண்டும். கெட்டுப் போயிருந்தால் தகராறு பண்ணாமல் வேறு பாக்கெட் அனுப்ப வேண்டும். அந்தச் செலவைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

கட்டணத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. லேசான பொருளுக்குக் கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ல் வகுப்பது பெரும்பாலானவர்களின் வழக்கம். 30க்கு 20க்கு 15 பெட்டி என்றால் 9,000, வகுத்தால் 1.8 கிலோ. உள்ளே அரை கிலோ பொடிதான் இருந்தாலும் 1.8 கிலோவுக்குப் பணம். காய்ந்த இலையாக அனுப்பினால் இந்தக் கொள்ளை இன்னும் அதிகம். பொடியாக்கி, இறுக்கமான பையில், அளவான பெட்டியில் போட வேண்டும். தபால் ஆபீஸில் பழைய பதிவுத் தபாலை 2025ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். எந்த வகைப் பார்சல் எவ்வளவு என்று ஒரு காலிப்பெட்டியை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்டு, இரண்டு கூரியர் கடையிலும் கேட்டு, எழுதி வைத்துக்கொண்ட பிறகு விலை போட வேண்டும். பலர் விலையைப் போட்டுவிட்டு அப்புறம் கட்டணத்தைக் கேட்கிறார்கள்.

பொருள் கெடாமல் போவதற்கு மாவட்டத்துக்குள்ளேயே வாத்தியார் இருக்கிறார். பழனி பஞ்சாமிர்தம் வாழைப்பழத்தில் செய்தது. வாழைப்பழத்தைப் பார்சல் கட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமல், வெல்லமும் தேனும் நெய்யும் சேர்த்துப் பிசைவதால் டப்பாவில் அடைத்துத் தூர தேசம் வரை போகிறது. 2019ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. முருங்கைப் பொடிக்கும் எதிரி தண்ணீர்தான். பறித்த அன்றே உருவி, கழுவி, நீர் வடித்து, வலைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் போட்டால் பச்சை நிறம் வெளுத்துச் சத்தும் குறையும். நொறுக்கினால் சரசரவென்று உடைய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. ஒரு கிலோ பொடிக்கு ஏறக்குறைய 8 முதல் 10 கிலோ பச்சை இலை பிடிக்கும் என்பதால் உருவும் கூலிதான் பெரிய செலவு. மெஷின் அந்தக் கூலியைக் குறைக்காது. நகையை எடுப்பதற்கு முன் இதை மருமகளும் மகளும் யோசிக்க வேண்டும்.

சட்டத்துக்கு வந்தால், பொடி உணவுப் பொருள். வீட்டில் செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளருக்கான பதிவு எடுக்க வேண்டும், இணையத்திலேயே எடுக்கலாம். பாக்கெட்டில் பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, விலாசம், பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி இவ்வளவும் வேண்டும். 'சர்க்கரை நோய் தீரும்' என்று எழுதக் கூடாது. எழுதினால் வழக்கு வரும், எழுதுவதும் பொய்.

விதை வேறு சங்கதி. விவசாயி தன் காட்டில் விளைந்த விதையைச் சேமிக்க, பகிர்ந்துகொள்ள, விற்க 2001ம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது என்பது அதிலேயே இருக்கும் கட்டுப்பாடு. விதை வியாபாரமாகவே செய்வதென்றால் 1983ம் வருஷத்து விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி லைசென்ஸ் வேண்டும். எல்லைக்கோடு எங்கே என்று விதை ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. அதைவிடப் பெரிய சிக்கல் தேனீ. முருங்கை அயல் மகரந்தம் ஏற்கும் மரம். காட்டில் நிற்பது பெரியகுளம் பி.கே.எம்-1 ஆகவே இருந்தாலும், பக்கத்துக் காட்டில் வேறு ரகம் இருந்தால் விதை கலந்துபோகும். 'பி.கே.எம்-1' என்று சொல்லி அனுப்பி, வாங்கியவர் காட்டில் வேறு மாதிரி காய்த்தால், ஆறேழு மாதம் கழித்துத் திட்டு வரும். பர்ப்பி குடும்பம் சோதனைப் பண்ணை வைத்தது இதற்காகத்தான். விதையை முதல் வருஷம் ஒதுக்கிவைத்துவிட்டு, 100 விதையை ஈரச்சாக்கில் முளைக்கப் போட்டு எண்ணிப் பார்ப்பதும், கொஞ்சத்தைச் சொந்தக் காட்டிலேயே நட்டுக் காய்ப்பு பார்ப்பதும் உத்தமம்.

நகைக்குப் பதில்: இப்போது வேண்டாம். வலைத்தட்டு, நிழல் கூடம், பக்கத்து மில்லில் அரவை, இதற்குச் சில ஆயிரம் போதும். 50 பார்சல் அனுப்பிப் பார்க்கட்டும். அதில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் தானாக இரண்டாவது தடவை கேட்கிறார்கள் என்பதுதான் கணக்கு. உறவுக்காரர்கள் வாங்கியதைச் சேர்க்கக் கூடாது, அவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள். 50ல் 15 பேராவது திரும்பி வந்தால் மெஷினைப் பற்றிப் பேசலாம். அப்போதும் நகைக்கு முன்னால், சிறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீத மானியத்தோடு 2020ல் ஆரம்பித்த மத்திய அரசுத் திட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று திண்டுக்கல் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்க வேண்டும்.

நோட்டு ஒன்று போட வேண்டும். பெயர், விலாசம், போன் நம்பர், வாங்கிய தேதி, என்ன கேட்டார், என்ன குறை சொன்னார். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும் என்பதால் காகித நோட்டிலும் இருக்கட்டும். வங்கிக் கணக்கும் உணவுப் பதிவும் வேலை செய்யும் பெண்கள் பெயரிலேயே இருக்கட்டும். மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊர் போனால் பங்கு எப்படி என்பதையும் இப்போதே பேசி எழுதிவிடுவது நல்லது. பல குடும்பத் தொழில் சரக்கால் கெடுவதில்லை, இந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டதால் கெடுகிறது. மகன் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, வாரத்துக்கு இரண்டு நாள் பார்சலை வண்டியில் டவுனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லலாம். அதற்கும் பெட்ரோல் காசைக் கணக்கில் எழுத வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இலை நிழலில் காயாது, அரைத்த பொடியும் ஈரம் இழுக்கும். 50 பார்சல் சோதனையைத் தை பிறந்த பிறகு தொடங்கினால் போதும்.